செயலாளர் ஆண்டறிக்கை: மனச்சோர்வோடு இன்னோர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் உடன் வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

மனச்சோர்வு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் நம் குழுவில், மாதம் இரண்டு கூட்டம் என்ற வழக்கம் இந்த ஆண்டும் தடைபடவில்லை. ஆனால் அதில் மூன்று மாதம் நான் வரவில்லை. மனச்சோர்வு எனக்குத் திரும்பி வந்திருந்தது. ஒரு தடவை குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மறுபடி வரும் என்று இங்கே பலமுறை சொன்னவன் நான். ஆனாலும் எனக்கு வந்தபோது, தோற்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. அந்த மாதங்களில் நடவடிக்கைக் குறிப்பேட்டை எழுதியதோடு, "வர முடியாவிட்டால் பரவாயில்லை" என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் செய்தி அனுப்பிய துணைச் செயலாளருக்கு நன்றி.

இந்த ஆண்டு ஒரு கேள்வியைக் கைவிட்டோம். முன்பெல்லாம், "இந்த நோய் உங்களுக்கு என்ன கற்றுத் தந்தது?" என்று கேட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்குவோம். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் காலையில் எழுந்து பல் துலக்கவே போராடுகிறவருக்கு அது இன்னொரு சுமை. வளர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். வராதவர் எதிலும் குறைந்தவர் இல்லை. இப்போது, "இந்த வாரம் என்ன செய்தீர்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்?" என்று மட்டும் கேட்கிறோம். மனம் தேறட்டும், அப்புறம் செய்யலாம் என்று இருந்தால் நாள்தான் போகும். சின்ன வேலையைச் செய்தால் மனம் மெல்லப் பின்னால் வரும். சிகிச்சையிலும் இதை ஒரு முறையாகவே பயன்படுத்துகிறார்கள்.

ஓர் உறுப்பினரைப் பற்றி அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். ஏழு கூட்டம் வரை அவர் வாய் திறக்கவில்லை. எட்டாவது கூட்டத்துக்கு அரை மணி முன்பே வந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே அது அவர் பொறுப்பாகிவிட்டது. பிறகொரு நாள், புதிதாக வந்த ஒருவர் வாசலிலேயே தயங்கி நின்றார். இவர் ஒரு நாற்காலியைக் கதவோரம் தள்ளிப் போட்டு, "இங்கே உட்காருங்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்" என்றார். இவர் குரலை நாங்கள் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். "எனக்கும் முதல் நாள் அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது" என்று அப்புறம் சொன்னார். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.

குடும்பத்தாருக்கான கூட்டத்தில் மனநல மருத்துவர் ஒருவர் பேசினார். மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வதே வழக்கம், தாமாக நிறுத்தக் கூடாது என்று விளக்கினார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நம் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடமோ அவசர உதவிக்கோ செல்லுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடைசியாக ஒரு வேண்டுகோள். எனக்கு இது இன்னொரு தடவையும் வரக்கூடும். குறிப்பேடு எழுத மேலும் இருவர் தேவை. முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.