அறிவியல் வாசகர் வட்டம்: செயலாளரின் 2024 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் சந்திப்பு வழக்கம்போல் நடந்தது. கோடைச் சுற்றுலா மழையால் தள்ளிப்போய், பின்னர் கைவிடப்பட்டது. சிறுவர் வினாடி வினா நவம்பரில் நடந்தது.

இனி, பாக்டீரியா மரபியல் ஆய்வாளர் ஈவ்லின் விட்கினைப் பற்றிய தொடர் கூட்டங்கள். “ஒரே ஒருவரைப் பற்றி ஆண்டு முழுவதுமா?” என்று சிலர் கேட்டார்கள். பொருளைத் தேர்ந்தெடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நாம் அன்றாடம் காரில் கடந்துபோகும் நியூ ஜெர்சியின் பிஸ்காட்டவேயில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வாக்ஸ்மன் நிறுவனத்தில் 1991 வரை பணியாற்றியவர் அவர். 2023 ஜூலையில், 102 வயதில் மறைந்தார். அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் அவர் பெயரையே கேள்விப்பட்டோம். அது எனக்குப் பொறுக்கவில்லை.

1944 கோடையில், மாணவியாகக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குச் சென்ற விட்கின், ஈ.கோலை பாக்டீரியாவில் புற ஊதாக் கதிரால் சடுதி மாற்றங்களை, அதாவது மரபணுக்களில் திடீரென நேரும் மாற்றங்களை, உண்டாக்க முயன்றார். கதிரின் அளவு மிஞ்சிவிட்டது. மறுநாள் தட்டில் பிழைத்த பாக்டீரியாக்கள் பெருகி உண்டான திட்டுகள், அதாவது காலனிகள், நான்கே நான்கு. அளவைக் குறைத்து மறுபடி தொடங்காமல், இந்த நான்கு மட்டும் ஏன் பிழைத்தன என்று தேடினார். கதிரைத் தாங்கும் அந்தத் தன்மை சந்ததிக்கும் இறங்கியது. சாதாரண பாக்டீரியா கதிர் பட்டதும் இரண்டாகப் பிரியாமல் நீண்டு நீண்டு மடிகிறது. பிழைத்த வகை பிரிந்து பெருகுகிறது. நுண்ணோக்கிப் படங்களைத் திரையிட்டபோது பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, “பிரியாமல் நீண்டால் அது ஓர் உயிரா, பல உயிரா?” என்று கேட்டாள். இந்த ஆண்டு நம் கூட்டத்தில் எழுந்த சிறந்த கேள்வி அதுதான்.

பிரிவது ஏன் நிற்கிறது என்பதைத் தொடர்ந்துதான் விட்கினும் உயிரியலாளர் மிரோஸ்லாவ் ராட்மனும் எஸ்.ஓ.எஸ். அமைப்பை, அதாவது டி.என்.ஏ. சேதமுறும்போது பாக்டீரியா இயக்கும் அவசரகால ஏற்பாட்டை, கண்டறிந்தார்கள். லெக்ஸ்-ஏ என்னும் புரதம் ஏறக்குறைய நாற்பது மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. டி.என்.ஏ. சேதமுற்று ஒற்றை இழை வெளிப்பட்டால் ரெக்-ஏ புரதம் அதன்மேல் படர்கிறது. லெக்ஸ்-ஏ அதனோடு சேர்ந்ததும் தன்னையே வெட்டிக்கொள்கிறது. அடங்கியிருந்த மரபணுக்கள் விழித்துப் பழுதுபார்ப்பைத் தொடங்குகின்றன. செல் பிரிவதும் அதுவரை நிறுத்தப்படுகிறது. சரிசெய்ய முடியாத இடத்தில் பிழையோடாவது நகலெடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது பாக்டீரியா. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளும் இதே அமைப்பைத் தூண்டுகின்றன. இதையா நாம் தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறோம்?

இவ்வளவு அரிய கூட்டத்தில் இருந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். “கட்டாயம் வருகிறேன்” என்று எழுதியவர்களும் வரவில்லை. ரயிலேறி வந்த பேச்சாளர் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விட்கினின் வாழ்க்கை பற்றிய கூட்டத்துக்கும் அதே கதி. கறுப்பின அமெரிக்கக் கால்பந்து வீரர் லியோனார்டு பேட்ஸை ஓர் ஆட்டத்திலிருந்து விலக்கியதை எதிர்த்ததற்காக 1941இல் நியூயார்க் பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்த எழுவரில் விட்கினும் ஒருவர். அதனால்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிள்ளை பிறக்கவிருந்தபோது வேலையை விட நினைத்தவருக்குப் பகுதி நேரப் பணி கிடைத்தது. ஆய்வை நிறுத்தவில்லை. 94ஆம் வயதில் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது பெற்றார். நேரமில்லை என்று சொல்லும் நம் உறுப்பினர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. சந்தாவைப் பாதிப் பேருக்கு மேல் செலுத்தவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டின் பாக்கியும் இருக்கிறது. பெயர்களைச் சொல்ல விரும்பவில்லை.

அறை தந்த நூலகத்தாருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

கதிர் பாய்ச்சியதும் புரத உற்பத்தியைச் சற்று நிறுத்தினால் சடுதி மாற்றங்கள் குறைகின்றன என்று விட்கின் 1956இல் கண்டார். அதன் காரணத்தை 1990களில்தான் உயிர்வேதியியலாளர் அஜீஸ் சான்ஜாரின் ஆய்வகம் விளக்கியது. அடுத்த ஆண்டை அங்கிருந்து தொடங்கவும், இவ்வாண்டு உரைகளைத் தமிழில் சிறு நூலாக அச்சிடவும் விரும்புகிறேன். கைப்பிரதி தயாராக இருக்கிறது. அச்சுச் செலவுக்குத்தான் வழியில்லை. பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைப்பேன், இந்தக் கூட்டங்கள் தொடர்ந்தால் போதும். ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாசலருகே மேசையில் இருக்கிறார். உறுப்பினர்கள் அவரைப் பார்த்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.