இடம் கிடைத்தும் சேர முடியாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழைப் பிள்ளைகளின் உயர்கல்வி பற்றித் தங்கள் வாசகர் பக்கத்தில் வரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். மதிப்பெண், நுழைவுத் தேர்வு, இட ஒதுக்கீடு எல்லாவற்றையும் பலர் எழுதிவிட்டார்கள். கல்லூரியில் கட்டணம் வாங்கும் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே உட்கார்ந்து பார்த்த ஒன்று இன்னும் பேசப்படவில்லை.

பட்டியலில் பெயர் இருக்கும். உதவித்தொகைக்கு ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கும். ஆனால் முதல் தவணையை வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். உதவித்தொகை வருவதோ வகுப்பு தொடங்கிப் பல மாதம் கழித்து. சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி நின்ற ஒரு பெண், "பாதி இப்ப கட்டிடறேன் மேடம், மீதிக்கு டைம் குடுப்பீங்களா?" என்றாள். விதியில் அதற்கு வழியில்லை. திங்கட்கிழமை அவளுடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போனது. கணினியில் ஏறிய காரணம்: "சேர வரவில்லை." வந்து நின்றவளை வரவில்லை என்று எழுதும் கணக்கை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன நியாயம் செய்ய முடியும்?

உயர்கல்வி தகுதியின் அடிப்படையில் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று 1948-லேயே ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம், 26-வது பிரிவில் சொல்லிவிட்டது. 2000-இல் உலகம் முழுக்கச் சுமார் 10 கோடியாக இருந்த உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை இன்று 25 கோடியைத் தாண்டிவிட்டது. இடங்கள் பெருகியது உண்மை. முன்பணம் கேட்கும் பழக்கம்தான் போகவில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் உதவித்தொகையோ பொறுப்பேற்க ஆளோ இல்லாத வெளிநாட்டு மாணவர், விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. ஏழை நாட்டுக் குடும்பம் எங்கே போகும்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த ஏற்பாட்டில், கட்டணத்தைப் படிக்கும்போது கட்டத் தேவையில்லை. வேலைக்குப் போய் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு பிடித்துக்கொள்வார்கள். கடன் கடன்தான், அதில் எனக்கு மனக்குறை உண்டு. சிலியின் வழி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. 2011-இல் மாணவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 2016 முதல் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் கட்டணத்தை, திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அரசே நேரடியாகத் தருகிறது. மாணவர் கையால் பணம் கட்ட வேண்டியதே இல்லை.

உதவித்தொகை ஒப்புதல் கடிதத்தையே முதல் தவணையாக ஏற்க வேண்டும். மீதியை அரசும் கல்லூரியும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். இடம் கிடைத்தும் சேராதவர்கள் எத்தனை பேர், பணம்தான் காரணமா என்பதை ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழ் கட் ஆஃப் மதிப்பெண்களை வெளியிடும் பக்கத்திலேயே, கட்டணம் கட்டக் கடைசி நாளையும் உதவித்தொகை கைக்கு வரும் நாளையும் சேர்த்துப் போட்டால் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி அலுவலக ஊழியர்