பழங்குடி மொழி வானொலிக்கு எதைக் கொடுத்தால் நிலைத்து நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடிகள் நாள் நெருங்குகிறது. இதையொட்டி மலைப்பகுதிச் சமுதாய வானொலிகளுக்கு (உள்ளூர் மக்களுக்கான சிறிய எஃப்.எம். நிலையங்களுக்கு) ஏதாவது செய்ய வேண்டும் என்று சென்னையில் சில நிறுவனங்களும் கல்லூரிகளும் முன்வருகின்றன. மனதார வரவேற்கிறோம். ஆனால் அவர்கள் முதலில் சொல்வது, "என்ன சாமான் வேண்டும், லிஸ்ட் அனுப்புங்கள்" என்பதுதான். சாமான் வந்து இறங்கும், திறப்பு விழா நடக்கும், இரண்டாவது மழைக்காலத்தில் நிலையம் ஊமையாகிவிடும். இது ஏன் நடக்கிறது, எதைக் கொடுத்தால் வானொலி நிலைத்து நிற்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

இந்தப் பாடத்தை ஆஸ்திரேலியா முன்பே படித்துவிட்டது. 1985-ல் ஆஸாட் செயற்கைக்கோள் மேலே போனது. அதுவரை தொலைக்காட்சியே எட்டாத பாலைவன ஊர்களுக்குள் ஆங்கில நிகழ்ச்சிகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும், யுவெண்டுமு என்ற ஊரில் வார்ல்பிரி தொல்குடி மக்களும் எர்னபெல்லாவில் பிட்ஜன்ஜரா தொல்குடி மக்களும் உரிமத்துக்குக்கூடக் காத்திருக்காமல் தங்கள் மொழியில் தாங்களே ஒளிபரப்பத் தொடங்கினார்கள். அரசு 1987-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏறத்தாழ 80 தொலைதூர ஊர்களுக்கு மைக், கேசட் பிளேயர், வீடியோ ரெக்கார்டர், சிறிய டிரான்ஸ்மிட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சுவிட்ச். அதைத் தள்ளினால் செயற்கைக்கோள் நிகழ்ச்சி நின்று ஊர்க்காரர் குரல் போகும். யோசனை அருமையானது. ஆனால் நடத்துகிறவருக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை, பயிற்சி பேருக்குத்தான், பழுது பார்க்க ஆளே இல்லை. செம்மண் தூசியும் வெயிலும் தின்றது போக, பல ஊர்களில் அறை பூட்டிக் கிடந்தது, சுவிட்ச் செயற்கைக்கோள் பக்கமே இருந்தது. பிறகு பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு வட்டார அமைப்பு, அதில் ஊர் ஊராகப் போய்வரும் டெக்னீஷியன், உள்ளூர் ஒலிபரப்பாளருக்கு ஊதியம் என்று ஏற்பாடு வந்த இடங்களில்தான் வானொலி நிலைத்தது. வெள்ளையர் குடியேறியபோது 250-க்கும் மேல் இருந்த அங்குள்ள மொழிகளில், இன்று குழந்தைகள் வீட்டில் இயல்பாகக் கற்றுக்கொள்வது சுமார் 12 மட்டுமே என்று 2020-ல் வெளியான தேசிய மொழிக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பன்னிரண்டில் வார்ல்பிரியும் பிட்ஜன்ஜராவும் இருக்கின்றன. வானொலி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவை பேசுவதற்கு ஒரு மைக் இருக்கும் மொழிகள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. 2006-லிருந்து தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெறலாம். நீலகிரியில் ரேடியோ கோத்தகிரி, வயநாட்டில் ரேடியோ மாற்றொலி என்று பழங்குடி மக்களுக்கான ஒலிபரப்பு நடக்கிறது. இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், தோடர், கோத்தர் மொழிகளுக்கு நாளிதழ் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. எழுத்து இல்லாமலே அவர்களை எட்டும் ஊடகம் வானொலி.

முதலில் மின்சாரம். 50 வாட் டிரான்ஸ்மிட்டர், மிக்சர், கம்ப்யூட்டர், விளக்கு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 300 வாட் இழுக்கும். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 2.4 யூனிட். 24 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வைத்தால் கணக்குக்கு 4.8 யூனிட். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் இருப்பது அதே 2.4 யூனிட்தான். இதை நிரப்பச் சென்னையில் 700 வாட் சோலார் பேனல் போதும், நாளுக்கு ஐந்து மணி நேர வெயில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடுபனியில் மலையில் மூன்று மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அங்கே குறைந்தது 1,200 வாட் வேண்டும். குளிரிலும் பேட்டரி சுருங்கும். இரவு 5 டிகிரிக்கு இறங்கும் டிசம்பரில் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். சென்னைக் கணக்கில் போட்ட சோலார் மலையில் தோற்பது இதனால்தான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் இரண்டு ஆண்டு, ஒழுங்காகப் பார்த்தால் நான்கு ஆண்டு. ஆகவே நான்காம் ஆண்டுக்கான பேட்டரிப் பணத்தை முதல் நாளே தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது, டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள். மலை நிலையங்கள் வாயடைத்துப் போவதற்கு நாங்கள் பார்த்தவரை முதல் காரணம் இதுதான், யாரும் நன்கொடைப் பட்டியலில் எழுதாததும் இதுதான். 30 மீட்டர் கோபுரத்துக்கு அறையிலிருந்து சேர்த்து 40 மீட்டர் கேபிள் போகும். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஆர்ஜி-213 வகைக் கேபிளைப் போட்டால் 50 வாட்டில் ஆன்டெனாவைத் தொடுவது ஏறத்தாழ 27 வாட். அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் 40 வாட்டுக்கு மேல் போய்ச் சேரும். உரிம விதிப்படி வெளியேறும் சக்திக்கு 100 வாட் என்ற உச்சவரம்பு இருக்கும்போது, பாதியைக் கேபிளைச் சூடாக்கவே செலவழிப்பது நியாயமா?

அதைவிட மோசம், மேல் நுனியில் ஆன்டெனாவோடு சேரும் கனெக்டர். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நாலு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த கோடையில் டேப் வறண்டு ஓரம் தூக்கும். தென்மேற்குப் பருவமழையில் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் நுனியிலேயே நிற்காது. கேபிளுக்குள் இருக்கும் செம்புப் பின்னல் திரி எண்ணெயை இழுப்பதுபோல அதைக் கீழே கீழே இழுக்கும். வெட்டிப் பார்த்தால் பளபளவென்றிருக்க வேண்டிய பின்னல் பச்சையும் கறுப்புமாக இருக்கும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிளம்பும் சக்தி ஆன்டெனாவுக்குள் போகாமல் திரும்பி வரும். நல்ல டிரான்ஸ்மிட்டர் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், ஊரில் "சத்தம் கம்மியாயிடுச்சு" என்பார்கள். பாதுகாப்பு இல்லாததில் இறுதிக்கட்ட டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். எரிந்த போர்டைப் பார்த்து "மெஷின் சரியில்லை, புதுசு வேண்டும்" என்று கடிதம் போகிறது. புது மெஷினை அதே கேபிளில் மாட்டினால் அதுவும் எரியும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கனெக்டர் மேல் முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து, பாதிப் பாதி மேலேறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்கூரைபோலத் தண்ணீர் வழிந்து போகும். அதன் மேல் வெயில் தாங்கும் வினைல் டேப். கேபிள் ஆன்டெனாவுக்குள் நுழைவதற்கு முன்னும், அறைக்குள் நுழைவதற்கு முன்னும் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், ஆள் ஏறி டேப்பை மாற்ற வேண்டும். ஆன்டெனாவுக்குள் போகாமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். 1.5-க்குள் இருந்தால் கவலையில்லை. வாராவாரம் ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் புகுந்திருக்கலாம், எரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆன்டெனா கழற்றியிருக்கும்போது டிரான்ஸ்மிட்டரைப் போடவே கூடாது. சோதித்துப் பார்க்க, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சக்தியை உள்வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு ஒன்று நிலையத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இடிக்கு எர்த் பற்றி ஒரே ஒரு சொல்: கோபுரத்துக்கு ஒரு எர்த், ஸ்டுடியோவுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக விடாதீர்கள். இரண்டையும் கனமான பட்டையால் இணைக்காவிட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தம் மிக்சர் வழியாகத்தான் பாயும்.

இனி மொழி. தோட மொழியில் ச, ஷ போன்ற ஊதொலிகள் நான்கு வகை, ஒன்று மாறினால் சொல் மாறும். காற்றாக ஒலிக்கும் லகரமும் ளகரமும் உண்டு, தமிழ்க் காதுக்கு அவை பிடிபடவே நாளாகும். இந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு 3,400 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். "பாட்டியைப் போனில் பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கள்" என்பவர்கள், அந்த மொழியைத் தோட மொழியாக்குவதையே வெட்டிவிட்டு மிச்சத்தை ஒலிபரப்புகிறார்கள். எஃப்.எம். 15,000 ஹெர்ட்ஸ் வரை தாங்கும், குறை பதிவில்தான். கைக்கடக்கமான ரெக்கார்டர், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக், காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் ஃபைல். ஒரு மைக் பதிவுக்கு மணிக்கு சுமார் 500 எம்பி ஆகும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை நிலையத்துக்கு வெளியே வைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மழை நாளில் பதிவு செய்ய உட்காராதீர்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது பேசியவர், மொழி, மந்து (தோடர் ஊர்) அல்லது கோக்கால் (கோத்தர் ஊர்) அல்லது வேறு ஊர், தேதி, யார் அனுமதி தந்தார்கள் என்பதும் சேர வேண்டும். இறந்தவரின் பெயரையும் குரலையும் கேட்பது ஆஸ்திரேலியத் தொல்குடிகள் பலரிடம் விலக்கு. குடும்பம் சொல்லும்வரை அந்தப் பதிவை எடுத்து வைத்துவிடுகிறார்கள். பிட்ஜன்ஜரா, யங்குனிட்ஜட்ஜரா மக்களுக்காக 1994-ல் தொடங்கிய அரா இரிட்டிஜா ஆவணக் காப்பகத்தில், எதை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு தொகுப்பிலேயே அமைந்திருக்கிறது. அந்த வழக்கத்தை அப்படியே நம் மலைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, கேட்கும் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். கோத்தர் இசையில் தெய்வத்துக்கான மெட்டு தனி, சாவுக்கான மெட்டு தனி. விவரம் தெரியாத ஒருவர் சாவு மெட்டை எடுத்துக் காலை நிகழ்ச்சிக்கு முன்னிசையாகப் போட்டால் அந்த வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள், பிறகு போடமாட்டார்கள்.

சென்னையில் எழுதிய விழிப்புணர்வு உரையை இருள மொழியில் பெயர்த்து வாசிக்கச் சொல்வதும் பலிக்காது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பள்ளிக்கூடப் பாடம்போல ஒலிக்கும். செய்தியை ஐந்து வரியில் அந்த மொழிக்காரரிடம் விளக்கிவிட்டு, அவர் தன் போக்கில் சொல்லட்டும். பிறகு அந்த மொழி பேசும் இன்னொருவரைக் கேட்க வைத்து, "என்ன புரிந்தது?" என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சாப்பிட வேண்டிய மாத்திரை அளவு மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது என்பது விதி, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம். ஆனால் வானிலை, பேரிடர் எச்சரிக்கை, மின்தடை, குடிநீர், தேர்வு, நோய் எச்சரிக்கை ஆகியவற்றை விதியே செய்தியாகக் கருதுவதில்லை. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மழை எச்சரிக்கை தாய்மொழியில் முதல்நாள் இரவே காதில் விழுவதன் மதிப்பு தெரியும்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும். அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய்ப் பதிவு செய்து, வெட்டி, சரிபார்க்க ஒரு முழு நாள் பிடிக்கும். தேயிலைத் தோட்டக் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் ஆறே மாதத்தில் தோட்டத்துக்கே திரும்பிவிடுவார், அதில் தவறில்லை. 2024 புதிய விதிகள் மணிக்கு 12 நிமிடம் விளம்பரத்துக்கு அனுமதிக்கின்றன, அரசு விளம்பரத்துக்குப் பத்து நொடிக்கு 74 ரூபாய். தாளில் நன்றாக இருக்கிறது. குறும்ப மொழியில் விளம்பரம் கொடுக்க வரும் வியாபாரி யார்?

ஆகவே சென்னை அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: ஒரே தடவையில் கொடுக்க நினைக்கும் தொகையை ஐந்து ஆண்டுக்குப் பிரித்துக் கொடுங்கள். அதில் பாதிக்கு மேல் உள்ளூர் மொழி ஒலிபரப்பாளர் சம்பளத்துக்குப் போகட்டும். மிச்சத்தில் பேட்டரி நிதி, கேபிள், ரப்பர் டேப். மலை மறைப்பில் சிக்னல் எட்டாத ஊர்களுக்குச் சக்தியைக் கூட்டிப் பயனில்லை. அங்கே நிகழ்ச்சியைப் பென்டிரைவில் கொண்டுபோய் வாரம் ஒருநாள் ஸ்பீக்கரில் போடலாம். புதுப் போன்கள் பலவற்றில் எஃப்.எம். கிடையாது என்பதால் சாதாரண ரேடியோப் பெட்டிகளும் வாங்கலாம்.

எலெக்ட்ரானிக்ஸ் துறை உள்ள சென்னைக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பழுதுபார்ப்பு மேசை வைத்தால் இன்னும் நல்லது. மாற்று டிரான்ஸ்மிட்டர் ஒன்று அங்கே தயாராக இருக்கட்டும். மலையில் பழுதானால் இரவு பஸ்ஸில் இது போகட்டும், பழுதானது திரும்பி வரட்டும். கூடவே மே மாதத்தில் இரண்டு மாணவர்கள் முறையான பாதுகாப்பு பெல்ட்டோடும் அனுபவமுள்ள கோபுரப் பணியாளரோடும் போய், மேலே உள்ள கனெக்டரை மழைக்கு முன் பிரித்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
சமுதாய வானொலித் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.