ஒத்தக்கடையில் இருக்கும் நண்பனுக்கு

தெப்பக்குளம், மதுரை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு உறக்கமே இல்லை என்றும், சர்க்கரை ஏறியிருப்பதாக மருத்துவர் சொன்னார் என்றும், மகன் புனேயிலிருந்தும் மகள் கனடாவிலிருந்தும் நாள் தவறாமல் காணொலியில் பேசுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அவற்றுக்குக் கீழே, "வெளியே போய் யாரைப் பார்ப்பது?" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தது.

நீ கணக்கு வாத்தியார். ஆகையால் ஒரு கணக்கையே முதலில் சொல்கிறேன். 1997-இல் ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும், நலமாக இருந்த 276 பேரின் மூக்கில் சளிக் கிருமி கலந்த சொட்டுகளை விட்டு, அவர்களைத் தனியிடத்தில் தங்கவைத்து, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார்கள். அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும், துணைவர், பெற்றோர், பிள்ளைகள், அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோர், வழிபாட்டிடத்து ஆட்கள் எனப் பன்னிரண்டு வகை உறவுகளில் எத்தனை வகையினரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். ஆறு வகையோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களைவிட, மூன்று வகைக்குள் நின்றுவிட்டவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. பெரிதாகக் கணக்கில் வந்தது ஆட்களின் எண்ணிக்கையன்று, உறவின் வகைகள் என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

உன் கணக்கை அந்த முறையில் போட்டுப் பார். பணி ஓய்வோடு ஆசிரியர் அறையும் மாணவர்களும் போனார்கள். மேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊரை விட்டு யானைமலை தெரியும் இந்தப் புதுக் குடியிருப்புக்கு வந்தபோது, மந்தையில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் பங்காளி வீடுகளும் விலகின. கார்த்திகையில் உன் மனைவி, என் தங்கச்சி, நம்மை விட்டுப் போனபோது, அவள் ஒருத்தி மட்டும் போகவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்முறை செய்ய வேண்டும், எந்த ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைவில் வைத்திருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனவளே அவள்தான். நம் வயது ஆண்களில் பெரும்பாலோர் உறவுகளைத் தாமாகப் பேணியதே இல்லை என்பது என் எண்ணம். வீட்டுப் பெண்கள் பேணியதற்குள் இருந்து வாழ்ந்துவிட்டோம். இப்போது உன்னிடம் மிஞ்சியிருப்பது பிள்ளைகளின் காணொலிப் பேச்சு. அவர்களுடைய அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது ஒரு வகைதான்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 பிரிட்டிஷ் ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்ந்தவர்களைவிட 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. நீ இப்போது அந்த ஆறு மாதத்துக்குள் இருக்கிறாய். நான் பதறுவது அதனால்தான்.

தனித்து விடப்பட்ட நிலையை உடம்பு ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. மன நெருக்கடியில் ஊறும் கார்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உறக்கம் அடிக்கடி கலைகிறது. அந்தச் சுரப்பு கல்லீரலிலிருந்து சர்க்கரையையும் இரத்தத்தில் இறக்கிவிடும். உன் சர்க்கரை ஏறியதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். மருந்தைத் தவறாமல் சாப்பிடு. மனம் இப்படியே கனத்துக் கிடந்தால், 2022 முதல் அரசு நடத்தும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்; அதில் வெட்கப்பட எதுவுமில்லை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

துக்க வீடு என்பதால் ஓராண்டுக்கு விசேஷங்களுக்கும் கோயிலுக்கும் போகக் கூடாது, சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கும் வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். அந்த வழக்கத்தை மீறச் சொல்லமாட்டேன். ஆனால் நம் ஊர்களில் அதற்கு மறுபாதி ஒன்று இருந்ததை நினைத்துப் பார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளிகளும் சம்பந்தகாரர்களும் சோறு ஆக்கிக் கொண்டுவருவார்கள். கேதம் கேட்க நாள்தோறும் யாராவது வந்து, பேச ஒன்றுமில்லாவிட்டாலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். துக்கக்காரன் ஊருக்குள் போகாமல் இருந்தாலும் ஊர் அவனிடம் வந்துகொண்டே இருந்தது. உன் குடியிருப்பில் விலக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வருகை வந்து சேரவில்லை. அந்தப் பாதி இல்லாமல் விலக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது நம் முன்னோர் வகுத்த முறையே அன்று.

இங்கே தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களில் ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்குள் அப்படியொன்றும் நெருங்கிய பழக்கம் இல்லை. எதிரே வரும்போது ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். போன மாதம் சில நாள்கள் அவரைக் காணவில்லை என்பதை முதலில் கவனித்தவர் படித்துறைப் பக்கம் பூ விற்கும் அம்மாள். அவர் சொல்லித்தான் வீட்டுக்குப் போனோம். தலைசுற்றலோடு கட்டிலில் கிடந்தார்; இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து, வாங்கிவரச் சொல்லவும் ஆளில்லாமல் இருந்திருக்கிறார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம், இப்போது மறுபடி நடக்க வருகிறார். பெயர்கூடச் சரியாகத் தெரியாத மனிதர்கள் நம்மைத் தினமும் பார்க்கிறார்கள் என்பதே ஒரு காவல், மாப்பிள்ளை. உன் தெருவில் உன்னை அப்படிப் பார்ப்பவர் யார்?

பிறர் வந்து ஆறுதல் சொல்வது மட்டும் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. வயது முதிர்ந்த 423 தம்பதியரை அமெரிக்காவில் ஐந்தாண்டு கவனித்து 2003-இல் வெளிவந்த ஆய்வில், உதவி பெற்றவர்களைவிட, அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் உதவி செய்தவர்களே கூடுதலாக உயிர் பிழைத்திருந்தார்கள். உடல் நன்றாக இருப்பவர்தானே உதவ முடியும் என்று நீ கேட்பாய். அதையும் கழித்துப் பார்த்த பிறகே அப்படிச் சொன்னார்கள்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். உன் ஊர்ச் சாவடியில் உன் பங்காளி மகன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறான். அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இருக்கிறது, கணக்குக்கு இல்லை. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, பிள்ளைகள் வடிவியலில் திணறுகிறார்கள். சாவடியில் பாடம் சொல்லிக்கொடுப்பதற்குத் தீட்டு இல்லை. ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒத்தக்கடை நிறுத்தத்தில் நில். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ப் பேருந்தில் வருவேன், அதிலேயே ஏறிக்கொள். பழைய வினாத்தாள் கட்டு உன்னிடம் இருக்குமே, எடுத்து வா. வர முடியாதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்; அப்படியானால் நான் நேரே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்