லிடெலின் கதை பாரிஸோடு முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை 1924 பாரிஸ் ஒலிம்பிக்கோடு நின்றுவிட்டது. கர்த்தருடைய ஓய்வுநாள் என்று ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தார், 400 மீட்டரில் தங்கம் வென்றார், அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டவன் நான். என் மனத்தில் நிற்பது பிந்தைய கதை.

சீனாவின் தியான்ஜினில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, அங்கேயே ஆசிரியராகத் திரும்பியவர் அவர். ஜப்பானியர் படையெடுப்பால் 1941இல் அங்கே நிலைமை மோசமாகவே, கர்ப்பிணி மனைவி ஃப்ளாரன்ஸையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகள் அங்கே பிறந்தாள். அவள் முகத்தைத் தகப்பன் கடைசிவரை பார்க்கவில்லை.

1943இல் ஜப்பானியர் அவரைச் சீனாவிலேயே வெய்சியன் என்ற சிறைமுகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த மிஷனரிப் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். சுண்ணாம்புச் சத்துக்காக முட்டை ஓட்டைப் பொடித்துக் கரண்டியில் ஊட்டினார்களாம். (பால் குடிக்க அடம்பிடிக்கும் என் பேத்தியிடம் இதைச் சொல்வேன், பலனில்லை.) தன் பிள்ளைகள் கடல்தாண்டி இருக்க, லிடெல் இவர்களுக்குப் பாடம் சொன்னார், விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களாக ஆடிய ஹாக்கி அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு நடுவராக வந்து நின்றவர், ஞாயிறு ஓடமாட்டேன் என்ற அதே மனிதர்! இதைப் போய் விட்டுவிட்டாரே கட்டுரையாளர்.

1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் இறந்தார், வயது 43. ஆகஸ்டில் முகாம் விடுவிக்கப்பட்டது. சாவுச் செய்தி ஃப்ளாரன்ஸுக்குக் கிடைத்ததே அவ்வாண்டு மே மாதத்தில்தான்.

ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்,
பாளையங்கோட்டை