மெயிலர்-டீமன் யார்?

அன்புள்ள கோபால்,

இங்கே எல்லோரும் நலம். நீ மெயில் போட்டது என் பழைய முகவரிக்கு. மாற்றிவிட்டேன் என்று சொன்னால் எங்கே காதில் வாங்குகிறாய்! "மெயிலர்-டீமன் என்று யாரோ பதில் போடுகிறான், கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டதா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். ஹாஸ்டல் மொட்டைமாடிக்கு ராத்திரியில் தனியாகப் போகாத ஆள் வேறு எப்படிக் கேட்பான்? ஆனால் கேள்வி அருமையான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்த டீமன் இயற்பியலிலிருந்து வந்தவன். 1867-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் தன் பள்ளித் தோழர் டெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கற்பனை. காற்றடைத்த பெட்டி, நடுவே தடுப்பு, தடுப்பில் சின்னஞ்சிறு கதவு. கதவருகே ஒரு குட்டி ஆள். வேகமாக வரும் மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவாக வருவதை மறுபக்கமும் விடுவதே அவன் வேலை. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சூடாகும், மறுபக்கம் குளிரும். 1874-இல் அவனுக்கு டீமன், அதாவது பூதம், என்று பெயர் வைத்தவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு.

1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் கோர்பாட்டோவின் குழு, யாரும் கூப்பிடாமலே பின்னணியில் ஓயாமல் ஓடும் புரோகிராமுக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. உன் மெயில் போய்ச் சேரவில்லை என்று பதில் போட்ட மெயிலர்-டீமனும் அப்படியொரு புரோகிராம்தான். கோர்பாட்டோ இயற்பியல் படித்தவர். அவர்களுடைய முதல் டீமன் கோப்புகளைத் தானாகவே டேப்பில் நகலெடுத்து வைத்தது. டீமன் என்பது 'டிஸ்க் அண்ட் எக்ஸிக்யூஷன் மானிட்டர்' என்பதன் சுருக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது பிற்பாடு கட்டிய கதை. மாக்ஸ்வெல்லிடமிருந்துதான் வந்தது என்று கோர்பாட்டோவே சொல்லியிருக்கிறார்.

உன் பையன் போட்டுக்கொடுத்த லினக்ஸில் 'பிஎஸ் -ஈஎஃப்' (ps -ef) அடித்துப் பார், ஓடும் புரோகிராம்களின் பட்டியல் வரும். சிஸ்டம்டி, எஸ்எஸ்ஹெச்டி என்று வருமே, கடைசி 'டி' டீமனுக்கு. டெர்மினல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி! எந்தத் திரையோடும் அதற்கு ஒட்டில்லை. நீ லாக்அவுட் செய்து தூங்கப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்.

இதுதான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. கண்ணில் படாமல் ஓடுவது, நின்றுபோனாலும் கண்ணில் படாது. சந்திரன் வீட்டில் பேக்கப் டீமன் எப்போதோ செத்திருக்கிறது. டிஸ்க் போன அன்றுதான் தெரிந்தது. அம்மாவின் படங்கள் அத்தனையும் போய்விட்டன. அந்தப் பேச்சை எடுத்தால் இன்னும் எழுந்து போய்விடுகிறான்.

உன் பேக்கப் கடைசியாக என்றைக்கு ஓடியது என்று பார். லாகில், அதாவது அது எழுதிவைக்கும் பதிவில், 'முடிந்தது' என்று இருந்தால் மட்டும் போதாது, ஒரு படத்தையாவது அதிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
முரளி