எரித்தவற்றின் பட்டியலையாவது தாருங்கள்

பிரிட்டன் வெளியுறவு அலுவலகத்தாருக்கும் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தாருக்கும்,

வணக்கம். பக்கிங்ஹாம்ஷயரின் ஹான்ஸ்லோப் பார்க்கில் நீங்கள் பூட்டி வைத்திருந்த குடியேற்ற நாட்டுக் கோப்புகள் பற்றியது இம்மடல். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1950களில் எழுந்த மௌ மௌ கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைப்பட்ட கென்ய முதியவர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2011இல்தான் அவை இருப்பதையே ஒப்புக்கொண்டீர்கள். 37 நாடுகள், சுமார் 8,800 கோப்புகள். 2013 ஜூனில் அப்படிப் பாதிக்கப்பட்ட 5,228 பேருக்கு, வழக்குச் செலவு உட்பட, 1.99 கோடி பவுண்ட் இழப்பீடு தருவதாக உங்கள் அப்போதைய வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் அறிவித்தார். அதே ஆண்டு முடிவதற்குள் கோப்புகளும் எஃப்சிஓ 141 என்ற வரிசையில் கியூவுக்கு வந்தன. இலங்கை, மலாயாக் கோப்புகளும் அதில் உண்டு. எங்கள் அக்கறைக்கு அதுவும் ஒரு காரணம்.

வந்தவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. நாங்கள் கேட்பது வராதவற்றின், அதாவது நாடுகள் விடுதலை பெறும் முன் உங்கள் அதிகாரிகள் அழித்தவற்றின் கணக்கு.

1961இல் குடியேற்ற நாட்டு அமைச்சர் இயன் மக்ளவுட் விதித்த அளவுகோல் தெளிவானது: அரசுக்குத் தர்மசங்கடம் தருபவை, போலீசுக்குத் தகவல் சொன்னவர்களைக் காட்டிக்கொடுப்பவை, புதிய அமைச்சர்கள் தவறாகப் பயன்படுத்தக்கூடியவை எதுவும் விடுதலை பெறும் நாட்டு அரசுக்குக் கைமாறக் கூடாது. கென்யாவில் கோப்புகளை, புதிய அரசிடம் விட்டுச்செல்பவை 'லெகசி', அதன் கண்ணில் படக்கூடாதவை 'வாட்ச்' என இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாம் வகையில் 'டபிள்யூ' முத்திரை. அதைத் தொட ஐரோப்பிய வம்சாவளி பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும். கென்யாவின் எழுத்தர் எத்தனை வருடம் விசுவாசமாக உழைத்திருந்தாலும் ஆகாது. எரித்தால் சாம்பலையும் உடைத்துக் கலைக்க வேண்டும். கடலில் போட்டால் எடை கட்டிய பெட்டியில், கரையிலிருந்து முடிந்த அளவு தள்ளி, நீரோட்டமில்லாத ஆழத்தில்.

இதையெல்லாம் விட ஆய்வாளரைத் திணறடிப்பது போலிக் கோப்பு. வரிசையிலிருந்து ஒன்றை உருவினால் அந்த இடத்தில் மாற்றுக் கோப்பு ஒன்றைச் செருகச் சொன்னது விதி. அது முடியாத இடத்தில் வரிசை முழுவதையுமே அகற்றிவிட வேண்டும். ஆகவே நைரோபியில் உட்கார்ந்து எந்த எண் விடுபட்டிருக்கிறது என்று தேடிப் பயனில்லை; விடுபட்டதே தெரியாதபடி செய்த வேலை அது. மிச்சமிருக்கும் ஒரே சாவி, எரித்த அதிகாரிகள் எழுதிக் கையெழுத்திட்ட அழிப்புச் சான்றுகள்.

ஆகவே கியூவில் உள்ள அழிப்புச் சான்றுகள் அனைத்தையும் படியெடுத்து ஒரே பட்டியலாக்குங்கள். பழைய பதிவக எண், தலைப்பு, அழித்த தேதி, அழித்த அலுவலகம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். உங்கள் புதிய வரிசை எண்ணை மட்டும் தந்தால் உதவாது. உள்ளூர்க் காப்பகங்களில் இருப்பவை பழைய எண்கள். சான்றே இல்லாத நாடுகளை 'சான்று இல்லை' என்று பட்டியலிலேயே எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் எதுவும் எரிக்கப்படவில்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். 1956இல் எகிப்து மீதான சூயஸ் படையெடுப்புக்கு முன், பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் பிரான்சின் செவ்ரில் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தின் தன் பிரதியைப் பிரிட்டன் பிரதமர் ஈடன் அழிக்கச் செய்தார். இஸ்ரேலின் பிரதி பிழைத்து அவரைக் காட்டிக்கொடுத்தது. நைரோபியில் எரிந்தவற்றுக்கு அப்படி இன்னொரு பிரதி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கென்யா தன் கோப்புகளை 1967இலேயே திருப்பிக் கேட்டது, நீங்கள் மறுத்தீர்கள். இப்போது பட்டியலோடு எஃப்சிஓ 141 முழுவதின் மின்படிகளையும் நைரோபி, கொழும்பு, கோலாலம்பூர் உட்பட 37 நாடுகளின் காப்பகங்களுக்கும் கட்டணமின்றி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடியேற்ற கால ஆவணங்களைப் படித்துவரும் தமிழ் வாசகர்கள்